இரண்டு முறை வேண்டாம் என்றேன்

அந்த வெள்ளிக்கிழமை மாலை ஈரானிய உணவகத்தில் ஒரு மேசையில் மூன்று பேர் இருந்தோம். நான், என் மனைவி செல்வி, தோல் ஜாக்கெட் இறக்குமதி செய்யும் ஈரானியர் பெஹ்ரூஸ். இருந்திருக்க வேண்டியவன் இம்தியாஸ். வாணியம்பாடிக்காரன், இங்கே ஹாம்பர்க்கில் சரக்கு வேன் ஓட்டுகிறான். பெஹ்ரூஸை எனக்கு அறிமுகம் செய்துவிட்டு, இந்த விருந்துக்கு ஏற்பாடு செய்தவனே அவன்தான். வண்டி பாதி வழியில் நின்றுவிட்டது என்று போன் வந்தது. நான்காவது தட்டை வெயிட்டர் ஓசையில்லாமல் எடுத்துக்கொண்டு போனார்.

அந்த இடத்தில் அவர் கொண்டுவந்து வைத்தது ஒரு கூடைத் தழை. புதினா, துளசி மாதிரி ஒன்று, வெங்காயத்தாள், முள்ளங்கி. எதுவும் நறுக்கவில்லை, தாளிக்கவில்லை. தலைக்கு மேல் கண்ணாடி விளக்குகள், மடியில் வெள்ளைத் துணி, எதிரே காம்போடு தழை. செல்வி என் பக்கம் சாய்ந்து, "இன்னாங்க இது, ஆட்டுக்குப் போடற மாதிரி வெச்சிட்டுப் போறாரு?" என்றாள். பெஹ்ரூஸ் ஒரு கொத்தை எடுத்து ரொட்டியில் சுருட்டி வாயில் போட்டுக்கொண்டதைப் பார்த்து நாங்களும் சுருட்டினோம்.

நாங்கள் அங்கே சாப்பிடப் போகவில்லை. நான் வேலை பார்த்த ஷூ கம்பெனி இங்குள்ள அலுவலகத்தை மூடிவிட்டது. அடுத்த மாதக் கடைசிக்குள் இன்னொரு வேலை கிடைக்காவிட்டால் விசா முடிந்துவிடும். செல்வி ஊரில் நர்ஸ். இங்கே நர்ஸாக வேண்டும் என்று இரண்டு வருடமாக ஜெர்மன் படிக்கிறாள், வசந்த காலத்தில் அவளுக்குப் பரீட்சை. என் விசா போனால் அவளுடையதும் போகும். பெஹ்ரூஸின் கிடங்கில் தோல் பார்த்து வாங்க ஆள் தேவை என்று இம்தியாஸ் கேள்விப்பட்டிருந்தான். அந்த நாற்காலிகளில் நாங்கள் உட்கார்ந்திருந்தது அதற்காகத்தான்.

போனை வைக்கும் முன் இம்தியாஸ் சொன்னது இது: "டேய், அவங்களும் நம்ம ஊரு பாய்ங்க மாதிரிதான். தகல்லுஃப் ஜாஸ்தி. எது குடுத்தாலும் ஒடனே வாங்கிடாத."

தகல்லுஃப் என்றால் ஆம்பூரில் வளர்ந்தவனுக்கு விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: கொடுப்பவர் வற்புறுத்துவதும் வாங்குபவர் கூச்சப்படுவதுமான அந்த உபசாரத்துக்கு உருதுவில் அதுதான் பெயர். அப்பா தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டி வேலை, அம்மா ஷூ கம்பெனியில் தையல். பக்கத்து வீட்டில் மும்தாஜ் காலா, உருதுவில் சின்னம்மா என்று அர்த்தம். பக்ரீத் அன்று காலா பிரியாணித் தட்டோடு வாசலில் நிற்பார். "வேணாம் காலா" என்பேன். "இன்னாடா வேணாம், புடி" என்பார். "ஐயோ, வீட்ல சாப்டாச்சு காலா" என்பேன். வாயில் எச்சில் ஊறிக்கொண்டிருக்கும். மூன்றாவது முறை தட்டைக் கையில் திணிப்பார், வாங்கிக்கொள்வேன். இது அம்மா போட்ட சட்டம். பள்ளிக்கூடத்தில் படித்ததெல்லாம் எங்கள் வீட்டுக்குப் புதிது, இது ஒன்றுதான் வீடே எனக்குக் கற்றுக் கொடுத்த பாடம். எங்கள் தெருவில் யாரும் இரண்டாவது முறையோடு நிறுத்தியதில்லை.

அன்றைக்கும் முதலில் அது சரியாகத்தான் நடந்தது. குங்குமப்பூச் சோறு வந்தது, கூடவே தனித்தட்டில் சட்டியின் அடியில் பிடித்த பொன்னிறக் காந்தல். நம் வீட்டில் தண்ணீர் ஊற்றி ஊறவைத்துச் சுரண்டுவது, இவர்களுக்கு விருந்தாளியின் பங்கு. பெஹ்ரூஸ் நீட்டினார். வேண்டாம் என்றேன். நீட்டினார். வேண்டாம் என்றேன். மூன்றாவது முறை சிரித்துக்கொண்டே என் தட்டில் வைத்தார். மொறுமொறுவென்று இருந்தது. மனசு லேசாகிவிட்டது. நமக்குத் தெரிந்த ஊர்தான் இது என்று நினைத்துக்கொண்டேன்.

கபாப் பாதி தீர்ந்தபோது அவரே பேச்சை எடுத்தார். "என் கிடங்குக்குத் தோல் தெரிந்த ஆள் வேண்டும். நீங்கள் வரலாமே."

"உங்களுக்கு எதற்குச் சிரமம்?" என்றேன்.

மேசைக்கு அடியில் செல்வியின் கால் என் காலை மிதித்தது.

"சிரமம் இல்லை. உண்மையாகவே கேட்கிறேன்."

இரண்டாவது முறை எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். "நீங்கள் கேட்டதே போதும் சார். நான் வேறு எங்காவது பார்த்துக்கொள்கிறேன்" என்றேன்.

அவர் கரண்டியை வைத்தார். "அல்லெஸ் கிளார்" என்றார். எல்லாம் புரிந்தது என்பதற்கு ஜெர்மானியர்கள் சொல்வது. பிறகு தன் மகளின் படிப்பைப் பற்றிப் பேசினார். தேநீர் வந்தது, கற்கண்டு வந்தது. ஒவ்வொரு முறை அவர் வாய் திறந்தபோதும் நான் முதுகை நிமிர்த்தினேன். மூன்றாவது முறை அவர் கேட்கவில்லை.

பில் வந்ததும் அவர் கை நீட்டினார். நான் விடவில்லை. அவர் அடம்பிடித்தார், நான் அதைவிட அடம்பிடித்தேன். கடைசியில் நெஞ்சில் கை வைத்துத் தலை குனிந்து விட்டுக்கொடுத்தார். வாசலில் எப்படியோ தைரியம் வந்து, "நீங்கள் சொன்ன வேலையைப் பற்றி யோசிக்கிறேன்" என்றேன். "கடையே உங்களுடையதுதான், எப்போது வேண்டுமானாலும் வாருங்கள்" என்று கட்டிக்கொண்டார்.

ரயிலில் செல்வி ஜன்னலைப் பார்த்தே பேசினாள். "இன்னாத்துக்குங்க வேணாம்னு சொன்னீங்க?"

"மூணாவது வாட்டி கேப்பாருன்னு..."

"அது பிரியாணிக்கு. வேலைக்குமா?"

இம்தியாஸுக்குப் போன் போட்டேன். "கடையே என்னுதுன்னு சொன்னாருடா" என்றேன். அவன் சொன்னான்: "தோஸ்த், அவங்க டாக்ஸிக்காரன் கூட காசு வேணாம்னுதான் சொல்வான். குடுக்காம எறங்கிப் பாரு. சோத்துல அவரு ஈரான்காரரு. வியாபாரத்துல முப்பது வருஷமா ஜெர்மன்காரரு. வேணாம்னா வேணாம்தான். நான் சாப்பாட்டுக்குத்தான்டா சொன்னேன்."

திங்கட்கிழமை கிடங்குக்கே போனேன். இந்த முறை கூச்சத்தை வாசலிலேயே விட்டுவிட்டு, "எனக்கு அந்த வேலை வேண்டும். வேறு எதுவும் என்னிடம் இல்லை" என்றேன். பெஹ்ரூஸின் முகம் வாடிப்போனது. பொய்யில்லாத வருத்தம். நான் வேண்டாம் என்றதால் சனிக்கிழமை காலையே ஒரு துருக்கிக்காரருக்கு வாக்குக் கொடுத்துவிட்டாராம். தேநீர் கொடுத்தார். முதல் முறையிலேயே வாங்கிக் குடித்தேன்.

அதன் பிறகு எழுதாத கம்பெனி இல்லை, ஏறாத படி இல்லை. மாதக் கடைசி வந்துவிட்டது. செல்வி புத்தகங்களை ஒரு பையில் போட்டுக் கட்டிவிட்டாள், தூக்கியெறியவும் இல்லை, பெட்டியில் வைக்கவும் இல்லை.

ஊருக்குத்தானே போகிறாய் என்று நீங்கள் கேட்கலாம். போன வருடம் போயிருந்தபோது நடந்ததைச் சொல்கிறேன். அம்மா இன்னும் கொஞ்சம் சோறு போட வந்தாள். பழக்க தோஷத்தில், "வேணாம்மா" என்றேன். "ஃபாரின்ல இருக்கறவங்களுக்கு வேணாம்னா வேணாம்தான்" என்று அப்பாவிடம் சொல்லிக்கொண்டே சட்டியை உள்ளே எடுத்துப் போய்விட்டாள். பாதிப் பசியோடு கை கழுவினேன்.

விருந்துக்கு டிப்ஸோடு சேர்த்து இருநூற்றுப் பத்து யூரோ. இரண்டு பேருக்கும் சென்னைக்கு ஒருவழி டிக்கெட் எழுநூற்று அறுபது. ஆக மொத்தம் தொள்ளாயிரத்து எழுபது யூரோ.