ஏரிக்குள் ஆறு சிவப்புக் கொடிகள்

என் பேரன் வேலை செய்யும் இடத்தில் கோல்ஃப் ஆடுகிறவர்கள் ஒரு கூட்டமாகச் சேர்ந்து வருஷத்துக்கு ஒரு தரம் வெளியூர் போய்வருகிறார்கள். இந்தத் தரம் எங்கே போகலாம் என்று போனில் பேசிக்கொண்டிருந்தான். "உத்திரமேரூர் பக்கம் ஏரி காய்ஞ்சி கெடக்கும், அங்க போங்களேன்" என்றேன். "ஆயா, கோல்ஃபுன்னா இன்னான்னு தெரியுமா உனக்கு?" என்று சிரித்தான்.

தெரியும். அவன் அப்பன் பிறப்பதற்கு முன்பே தெரியும். நான் படித்தது ஐந்தாவதுதான். ஆனால் இதைப் படிக்கிறவர்களில் எத்தனை பேர் ஒரு கோல்ஃப் மைதானத்தையே மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறீர்கள்? நாங்கள் போனோம். அறுபதுகளின் தொடக்கம், பங்குனி மாதம். எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

என் வீட்டுக்காரர் ஏகாம்பரத்துக்குச் சென்னையில் ஒரு கோல்ஃப் மைதானத்தில் புல் பார்த்துக்கொள்ளும் மாலி வேலை. திங்கட்கிழமை அங்கே விடுமுறை. துரைமார்களும் முதலாளிகளும் வரமாட்டார்கள். அன்றைக்கு மாலிகளும் பை தூக்குகிறவர்களும் ஆடுவார்கள். உடைந்துபோன மட்டைகளைக் கயிறு சுற்றிச் சரிசெய்து வைத்திருந்தார்கள். பந்துகள் குட்டையில் முங்கி எடுத்தவை. இவர்களுக்கென்று ஒரு சங்கம், வருஷத்துக்கொரு பயணம், ஜெயிக்கிறவருக்குப் பித்தளைச் சொம்பு. பெரிய மாலி முனுசாமி அண்ணன்தான் தலைவர்.

இதெல்லாம் என் வீட்டுக்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். கண்ணால் பார்த்ததில்லை. திங்கட்கிழமை காலையில் போகிற மனுஷன் பொழுது சாய்ந்து வருவார், முகம் முழுக்கச் சிரிப்பாக. வளர்ந்த ஆம்பிளை ஒரு பந்தைத் தட்டிவிட்டு வந்து இப்படிச் சிரிப்பானா? எனக்குச் சந்தேகம். அந்த வருஷம் பயணத்துக்கு இடம் கிடைக்கவில்லை என்றதும், "எங்க ஊர் ஏரி வத்திக் கெடக்கும். நானும் வந்து சோறாக்கறேன்" என்று நானே முந்திக்கொண்டேன். அந்த ஆட்டத்தை ஒரு முறை கண்ணால் பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

சைதாப்பேட்டையில் விடியற்காலை ரயிலேறினோம். ஆண்கள் எட்டுப் பேர், நான், முனுசாமி அண்ணன் பெண்சாதி. செங்கல்பட்டில் இறங்கி, அரக்கோணம் போகும் பாசஞ்சருக்கு மாறினோம். கோணியில் சுற்றிய மட்டைக் கட்டைப் பார்த்த டிக்கெட் பரிசோதகர் தள்ளி நின்றே கேட்டார்.

"உள்ள இன்னா? துப்பாக்கியா?"

"பந்தடிக்கிற கோலுங்க சார்."

"இத்தினி பெரிய ஆளுங்க பந்தடிக்கவா போறீங்க?" என்றார். பழையசீவரம் வரும்வரை எங்கள் பெட்டியைவிட்டு அவர் நகரவில்லை.

பழையசீவரத்தில் இறங்கியதும் மலைக்கோயிலைப் பார்த்து ஒரு கும்பிடு. பிறகு பாலாறு. ஆற்றில் தண்ணீர் இல்லை, மணல்தான். இரண்டு ரூபாய்க்கு ஒரு மாட்டு வண்டி பேசி மட்டைகள், பாத்திரம், கடப்பாரை எல்லாவற்றையும் ஏற்றிவிட்டு நாங்கள் நடந்தோம். காவாந்தண்டலத்தைத் தாண்டி எங்கள் ஊர், ஆறேழு மைல் இருக்கும். வண்டியில் ஒரு தகரம் நிறைய லாரி ஷெட்டில் வாங்கிய கழிவு எண்ணெயும் இருந்தது. புல் இல்லாத இடத்தில் குழியைச் சுற்றி மணலைப் பரப்பி எண்ணெய் தெளித்து இழுத்துவிட்டால் பந்து நேராக உருளும். வண்டிக்காரர் தகரத்தை மோந்து பார்த்தார், கடப்பாரையைப் பார்த்தார், சிவப்புக் கொடி கட்டிய ஆறு கம்புகளைப் பார்த்தார். அப்புறம் வழி முழுக்க வாயே திறக்கவில்லை. அதிகம் பேசுகிற வண்டிக்காரரை நம்பலாம். இப்படி வாய் மூடிக்கொண்டு வருகிறவர் எல்லாவற்றையும் மனசில் எழுதிக்கொள்கிறார் என்று அர்த்தம்.

எங்கள் ஏரியைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். தண்ணீர் வற்றியதும் எங்கள் தெரு ஜனங்கள் ஏரிக்குள் ஓரமாகப் பாத்தி கட்டி வெள்ளரி போடுவார்கள். யாருக்கும் சொந்த நிலம் கிடையாது. ஏரி சர்க்காருடையது. சர்க்கார் கண்டுகொள்ளாத வரைக்கும் வெள்ளரி, கண்டுகொண்டால் அன்றோடு சரி. அப்பா போன பிறகு என் அம்மாவுக்குக் கோடைக்கு அந்தப் பாத்தி ஒன்றுதான் சோறு.

அம்மாவுக்கு மாப்பிள்ளை மேல் ஏற்கெனவே நம்பிக்கை கிடையாது. கல்யாணத்தின்போதே கேட்டாள்: "இன்னா வேலை செய்றீங்க?"

"புல்லு வளக்கறேன் அத்தை."

"மாட்டுக்கா?"

"இல்ல, வெட்டறதுக்கு."

"வெட்டி?"

"கொட்டிடுவோம்."

புல்லை வளர்த்து வெட்டிக் கொட்டுவதற்கு ஒருவன் சம்பளம் கொடுக்கிறானா என்று அன்றிலிருந்து அம்மா என்னைக் குடைந்துகொண்டே இருந்தாள்.

அன்று மாலையே ஏரியில் ஆறு குழி தோண்டினார்கள். தடத்தை எட்டு வைத்து அளந்தார்கள். எண்ணெய் தெளித்தார்கள். கொடி நட்டார்கள். கரைமேல் எங்கள் தெருவே வந்து நின்றது. யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தலையாரி கோவிந்தன் மட்டும் என்னைத் தனியாக நிறுத்தினார்.

"இன்னாமே கன்னிமா, யாரு இவங்கல்லாம்? ஏரிய அளக்கறாங்களே?"

"வெளையாட வந்துகிறாங்க சித்தப்பா."

"எண்ணெ ஊத்தியா வெளையாடுவாங்க? மண்ணுக்கடியில எண்ணெ கீதான்னு பாக்கறாங்களா? மெய்ய சொல்லு."

மெய்யைச் சொன்னேன். அவர் தலையை ஆட்டிய விதத்திலேயே நம்பவில்லை என்று தெரிந்துபோயிற்று.

மறுநாள் காலை நாஷ்டா முடித்துவிட்டு ஏரிக்குப் போனால், கொடி ஒன்றுகூட நட்ட இடத்தில் இல்லை. குழிகளில் சாணி. எங்கே போயின என்று தேடினால், ஆறு கொடியும் ஒரே இடத்தில் நிற்கின்றன, என் அம்மாவின் வெள்ளரிப் பாத்தியில். நடந்தது இதுதான். கொடி நட்ட இடத்தில் சர்க்கார் இனிமேல் பாத்தி போட விடாது என்று பயந்து, பக்கத்துப் பாத்திக்காரர் கொடியைப் பிடுங்கித் தள்ளி நட்டிருக்கிறார். அங்கேயிருந்தவர் இன்னும் தள்ளி. கடைசியில் எல்லாரும் சேர்ந்து ஒரு தீர்ப்புக்கு வந்திருக்கிறார்கள்: அளக்கிறவர்களைக் கூட்டிவந்தவள் இவள் பெண், போவதானால் இவள் பாத்தி போகட்டும்.

கொடிகளுக்கு நடுவே அம்மா நின்றிருந்தாள். என் பக்கம் திரும்பவில்லை. நேராக அவரைக் கேட்டாள்: "சொல்லுங்க மாப்ள. அளக்கத்தான வந்தீங்க? இந்தப் பாத்தி போச்சின்னா நான் யார் வூட்டு வாசல்ல போய் நிக்கறது?"

முனுசாமி அண்ணன், "எதுக்குடா பேஜாரு, கெளம்பிடலாம்" என்றார். என் வீட்டுக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை. "இப்ப போனா அளந்துட்டு ஓடறோம்னுதான் அண்ணே நெனப்பாங்க. ஆடிக் காட்டிட்டே போலாம்." சாணியை வாரி எடுத்துப் பழைய குழிகளை மூடி, கொடிகளைப் பாத்திகளைவிட்டு நட்ட நடு ஏரிக்குக் கொண்டுபோய்ப் புதுக் குழி தோண்டி ஆட்டத்தை ஆரம்பித்தார்கள்.

கரைமேல் மறுபடியும் கூட்டம். நான் அம்மாவோடு பாத்தி ஓரத்துக் காவல் குடிசைக்குள் உட்கார்ந்தேன். நான் இவர் ஒருவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். நிஜமாகவே பந்துதான் அடித்தார். நிஜமாகவே சிரித்தார். பாதிச் சந்தேகம் போயிற்று, மீதி இருந்தது. குறைந்த அடியில் முடிப்பவருக்குத்தான் சொம்பு. கடைசிக் குழிக்கு வரும்போது இவர்தான் ஒரு அடியில் முந்தியிருந்தார்.

அந்த நேரத்தில் இவர் அடித்த பந்து கோணலாகப் பறந்து வந்து எங்கள் வெள்ளரிக் கொடிக்குள் விழுந்தது. இவர் தனியாக வந்தார். மற்றவர்கள் தூரத்தில் இருந்தார்கள். கரையிலிருந்து பார்க்க இந்த இடத்தைக் குடிசை மறைத்தது. ஓலை இடுக்கு வழியாக நானும் அம்மாவும் பார்த்துக்கொண்டிருந்தது அவருக்குத் தெரியாது. கொடியை மிதிக்காமல் கால் வைத்து, இலையை மெல்ல விலக்கினார். பந்து ஒரு விரற்கடை உருண்டு நின்றது. அம்மா என் கையைப் பிடித்தாள். "இப்ப பாரு," என்றாள் மெதுவாக, "எடுத்துத் தோதா வெச்சிக்குவான்."

அவர் நிமிர்ந்து நின்று கத்தினார். "முனுசாமிண்ணே! எனக்கு ஒண்ணு சேத்துக்கோ. பந்து அசஞ்சிடிச்சி!"

"யார்ரா பாத்தது? நாங்க யாரும் பாக்கலியே!"

"நான் பாத்தேன்ல?"

அந்த ஆட்டத்தில் நடுவர் கிடையாது. தன் தப்பைத் தானே சொல்லி, தன் கணக்கில் தானே ஒரு அடி ஏற்றிக்கொள்ள வேண்டும். அதோடு வெள்ளரிக் கொடி நசுங்கக்கூடாது என்று பக்கவாட்டில் தட்டிவிட்டதில் இன்னொரு அடியும் போயிற்று. சொம்பு முனுசாமி அண்ணனுக்கு.

கரையிலிருந்து இறங்கிவந்த தலையாரி என்ன நடந்தது என்று விசாரித்தார். தெரிந்ததும் திரும்பிக் கூட்டத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தார்: "டேய், இவங்க சர்க்காரு ஆளுங்க இல்லடா! தன் தப்பத் தானே கூவிச் சொல்லி நஷ்டப்படற சர்க்காரு எங்கடா கீது?" ஒரே சிரிப்பு. சாணி அள்ளிப்போட்டது தன் பெண்தான் என்று ஒரு அம்மாள் அப்போதே ஒத்துக்கொண்டாள். எங்கள் தெரு முழுக்கச் சோற்றுக்கு வந்துவிட்டது. நல்ல வேளை, அரிசி கொஞ்சம் தாராளமாகவே கொண்டுபோயிருந்தோம்.

அம்மா ஒரு கூடை பிஞ்சு வெள்ளரி பறித்து மாப்பிள்ளையிடம் கொடுத்தாள். அதற்கு முன்பு அவர் கையில் அவள் எதையும் கொடுத்ததில்லை. நாங்கள் கிளம்பும்போது என்னை மட்டும் ஓரமாக இழுத்தாள். "ஏண்டி, யாரும் பாக்காதப்பவே இத்துனூண்டு தப்ப ஒத்துக்கிறாரே, அப்ப பெருசா எதையோ மறைக்கிறாருடி. ஒரு கண்ணு வெச்சிக்கோ."

திரும்பும் வழியில் பழையசீவரம் ஸ்டேஷனில் சாமான்களைச் சரிபார்த்தோம். கம்பு ஐந்துதான் இருந்தது. ஒரு கொடியைக் காணோம். ஆளுக்கு ஆள் முறைத்துக்கொண்டார்கள். வண்டிக்காரர்தான் எடுத்திருப்பார் என்றேன் நான். இவர் குனிந்து மட்டைக் கட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தார்.

இப்போது போக நினைக்கிறவர்களுக்கு: பங்குனி கடைசி அல்லது சித்திரை சரியான காலம், ஏரி வற்றியிருந்தால் மட்டும். ரயிலில் வாலாஜாபாத்தோ பழையசீவரமோ இறங்கலாம். வாலாஜாபாத்திலிருந்து உத்திரமேரூருக்கு இருபது கிலோமீட்டர் சுமார், பஸ் இருக்கிறது. பதினோரு மணிக்குமேல் ஏரிக்குள் நிற்க முடியாது, நிழலே கிடையாது. தண்ணீர் நிறைய எடுத்துப்போங்கள். பாத்தி போட்டிருப்பவர்களிடம் முதலில் போய்ப் பேசுங்கள், அதற்கப்புறம் ஊர்ப் பெரியவர்களிடம் பேசலாம். எண்ணெய் வேண்டாம். கொடி பச்சையோ மஞ்சளோ இருக்கட்டும், சிவப்பு மட்டும் வேண்டவே வேண்டாம்.

சிவப்பு ஏன் வேண்டாம் என்றால், அடுத்த கோடையில் கைக்குழந்தையோடு அம்மாவைப் பார்க்கப் போனேன். ஏரிக்குள் அவள் பாத்தி மூலையில் சிவப்புக் கொடி ஒன்று பறந்துகொண்டிருந்தது. மற்றவர் பாத்தியெல்லாம் ஆடு மேய்ந்து, எல்லைத் தகராறில் குறுகிக் கிடந்தது. அம்மா பாத்திக்கு அருகில் ஒருத்தரும் வரவில்லை. விளையாட்டுக் கொடி என்று எல்லாருக்கும் தெரியும். இருந்தாலும் ஒருவேளை சர்க்காருடையதாக இருந்துவிட்டால்? தலையாரியே சுற்றிக்கொண்டுதான் போனார்.

"எங்கம்மா திருடின?" என்று கேட்டேன்.

"நான் ஏன்டி திருடறேன்? மாப்ளதான் குடுத்தாரு. பாத்திக்கு வெச்சிக்கோ அத்தைன்னாரு. உங்கிட்ட சொல்லலியா?"

சொல்லவில்லை. ஸ்டேஷனில் எட்டுப் பேரும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டபோதும் சொல்லவில்லை. விரற்கடை உருண்ட பந்துக்குச் சொம்பை விட்டுக்கொடுத்தவர், ஒரு கொடியைச் சங்கத்துக்கும் எனக்கும் தெரியாமல் கொடுத்துவிட்டு ஒரு வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தார். சென்னைக்குத் திரும்பி வந்து கேட்டபோது சிரித்தார், திங்கட்கிழமை சிரிக்கிற அதே சிரிப்பு.

அவர் போய்ப் பல வருஷம் ஆகிறது. அலமாரியைத் துடைக்கும்போதெல்லாம், இன்னும் எதையெதை யார் யாருக்குக் கொடுத்துவிட்டு என்னிடம் சொல்லாமல் போயிருப்பார் என்று நான் தேடிக்கொண்டுதான் இருக்கிறேன்.