முட்டை டாக்டரின் கமிஷன்

எங்கள் தெரு மருந்துக்கடையில் கவுன்ட்டரில் நிற்பவருக்கு, எதிரே இருக்கும் முட்டைக்கடையிலிருந்து, அவர் அனுப்பும் ஆள் தலைக்கு இரண்டு முட்டை கமிஷன் வருவதாக ஒரு பேச்சு. சலூனில் காதில் விழுந்தது. சலூன் செய்தியில் பாதி நுரை. மீதி என்ன என்று பார்க்கக் கிளம்பினேன்.

கையில் காரணமும் இருந்தது. தங்கை வீட்டுக்காரருக்குக் கால் எலும்பு முறிவு. மருத்துவர் சீட்டின் கடைசி வரியில் ‘புரோட்டீன் நிறைய’ என்று எழுதியிருந்தார். தங்கை அதை ஒரு மருந்தின் பெயர் என்றே முடிவுகட்டி, வாங்கிவரச் சொல்லியிருந்தாள்.

கவுன்ட்டர்காரர் ஒல்லி. அவர் தலைக்கு மேல் புரோட்டீன் டின்கள் வரிசையாகத் தூசி குடித்துக்கொண்டிருந்தன. ஊர் அவருக்கு வைத்த பெயர் முட்டை டாக்டர்.

“புரோட்டீன் ஒண்ணு குடுங்க.”

“ஆளுக்குப் பல்லு இருக்கா?”

“முப்பத்திரண்டும் இருக்கு. தங்கச்சியோட குறையே அதுதான்.”

“அப்ப டின் எதுக்கு? முட்டை, பருப்பு, பால், மீன், கடலை எல்லாத்துலயும் அதுதான் இருக்கு. சோறு ஓடியாட, புரோட்டீன் உடம்பைக் கட்ட. அவர் கால்ல இப்ப கொத்து வேலை நடக்குது. செங்கல் இல்லாம கொத்தனார் என்ன பண்ணுவாரு?”

“சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?”

“சாப்பாடே அதுதான் சார். எதுத்தாப்ல முட்டை இருக்கு. தண்ணியில போட்டுப் பாத்து வாங்குங்க, மிதந்தா வேண்டாம்.”

பள்ளியில் ‘புரதம்’ என்று மனப்பாடம் செய்து, மதிப்பெண் வாங்கிய கையோடு மறந்தோம். அதுவே ‘புரோட்டீன்’ என்று புதுச் சட்டை மாட்டிக்கொண்டு டின்னுக்குள் உட்கார்ந்ததும் எழுந்து நின்று வணங்குகிறோம். பல வருடமாக அந்தச் சட்டையைக் கழற்றிக் காட்டுவதுதான் இந்த மனிதரின் உபரி வேலை. மெல்ல முடியாதவர்கள், விழுங்க முடியாதவர்கள் வந்தால் மட்டும் ஸ்டூலில் ஏறி டின்னை எடுப்பார்.

முட்டைக்கடை அம்மாவிடம் கமிஷனைப் பற்றிக் கேட்டேன்.

“அவருக்கா? வர்றவன் எல்லாம் முட்டையை மிதக்கவிட்டுப் பாக்க டம்ளரோட வர்றான். அவர் வாயை மூடுறதா இருந்தா நாளைக்கே கமிஷன் குடுக்கறேன், போய்ச் சொல்லுங்க.”

வதந்தி அங்கேயே செத்தது. ஆனால் அதன் ஆவி எனக்கு முன்னால் மருந்துக்கடைக்குப் போயிருந்தது. சீட்டிலிருந்த வலி மாத்திரையை வாங்க மறந்து, அதற்காகத் திரும்பிப் போனபோது முதலாளி கவுன்ட்டரில் நின்றிருந்தார்.

“டின்னுக்கெல்லாம் தேதி முடியப்போகுது. நீ எதுத்த கடைக்கு ஏஜென்ட் வேலை பாக்கறே. இந்த மாசத்துக்குள்ள டின் போகணும், இல்லேன்னா நீ போகணும். உள்ள போ, நானே வித்துக்கறேன்.”

முட்டை டாக்டர் பின்னறைக்குப் போய் அட்டைப்பெட்டிகளைப் பிரிக்க ஆரம்பித்தார். வீட்டில் இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள் என்பது தெருவுக்கே தெரியும்.

அந்த நேரம் பார்த்து ஒரு பெண் வந்தாள். “அப்பா ரொம்ப இளைச்சுட்டாரு. பக்கத்து வீட்டுல புரோட்டீன் பவுடர் குடுக்கச் சொன்னாங்க.”

முதலாளி முகம் மலர்ந்தது. பெரிய டின்னாகப் பார்த்து இறக்கினார்.

பின்னறையிலிருந்து குரல் மட்டும் வந்தது. “அப்பாவுக்கு வேற என்னம்மா வைத்தியம் நடக்குது?”

“கிட்னிக்குப் பாக்கறோம்ணே.”

முதலாளியின் கை டின் மேலேயே நின்றது. குரல் தொடர்ந்தது: “கிட்னி நோவுல புரோட்டீன் எவ்வளவுன்னு டாக்டர்தான் சொல்லணும். நானும் சொல்லக் கூடாது, பக்கத்து வீடும் சொல்லக் கூடாது. கேட்டுட்டு வா.”

அவள் வாசலில் நின்றே தொலைபேசியில் கேட்டாள். கேட்கக் கேட்க முகம் வெளுத்தது. “கொறைக்கச் சொல்லித்தான் போன வாரமே எழுதிக் குடுத்தாராம்” என்றாள் முதலாளியிடம்.

அவள் போன பிறகு முதலாளி டின்னைத் திரும்ப மேலே வைத்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். துடைக்க அதில் எதுவும் இல்லை.

“யோவ், கவுன்ட்டருக்கு வா. நீ நிக்கற எடத்துல நான் நின்னா கடைக்கு ஆகாது.”

“டின்னு?”

“தூசி தட்டி வை. பல்லில்லாதவன் வராமலா போயிடுவான்?”

அன்று நான் வாங்கிய ஆறு முட்டையில் ஒன்று, வீட்டில் தண்ணீரில் போட்டதும் மிதந்தது. மாற்றித் தருவதாக முட்டைக்கடை அம்மா சத்தியம் செய்தார். இன்று கேட்டேன்.

“உங்களுக்குத் தர வேண்டிய முட்டையை உங்க டாக்டருக்குக் கமிஷனாக் குடுத்துட்டேன்.”

அவரைக் கேட்டால், வாங்கவே இல்லை என்கிறார். தங்கை வீட்டுக்காரர் காலில் ஒரு செங்கல் குறைகிறது.