வைக்கோல் இல்லாமல் அவித்த கிழங்கு

மூன்றாம் மாத மசக்கையில் என் மனைவிக்குச் சோறு கொதிக்கும் வாசனையே ஆகாமல் போனது. நீடாமங்கலத்தில் இருந்துகொண்டு சோற்று வாசனைக்கு எங்கே ஒளிவது? இடப்பக்க வீட்டில் உலை இறங்கினால் வலப்பக்க வீட்டில் ஏறும். எது உள்ளே போனாலும் அரை மணி நேரத்தில் வாந்தி. ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ் எடையைப் பார்த்துவிட்டு, "இன்னும் குறைஞ்சா அட்மிட் பண்ணித்தான் டிரிப் ஏத்தணும். செவ்வாய்க்கிழமை கூட்டிட்டு வாங்க" என்றார். அன்றோடு வீட்டில் உலை வைப்பதை நிறுத்தினேன்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி, "ஏங்க, சர்க்கரைவள்ளிக்கிழங்கு அவிச்சுக் குடுங்களேன். எங்க வீட்ல அவிக்கிற மாதிரி" என்றாள். பொங்கல் முடிந்த சமயம், கடைத்தெருவில் கிழங்குக்குப் பஞ்சமில்லை. நான் பம்புசெட் மோட்டார் ரிப்பேர் செய்பவன். ஒரு கிழங்கை அவிக்கத் தெரியாதா என்று இரண்டு கிலோ வாங்கிவந்தேன்.

குக்கரில் மூன்று விசில் விட்டேன். தோல் வெடித்து, உள்ளே தண்ணீர் கோத்துக்கொண்டு சொதசொதவென்று வந்தது. அவள் ஒரு வாய் வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மறுநாள் இட்லிப் பானை. தண்ணீர் தளதளவென்று கொதித்த பிறகுதான் தட்டை வைத்தேன், அடுப்பையும் முழுசாக எரியவிட்டேன். வெந்தது. ஆனால் இனிப்பு என்று பேருக்குக்கூட இல்லை. அதே கிழங்குதானே, அவள் பிறந்த வீட்டில், குத்தாலத்தில் மட்டும் எப்படி இனிக்கிறது? எனக்கு எரிச்சல் வந்தது. எதையும் கழற்றிப் பார்க்காமல் எனக்குத் தூக்கம் வராது.

குத்தாலத்துக்கு, மாமியாருக்குப் போன் போட்டேன். "தண்ணி கிழங்கத் தொடவே கூடாது மாப்ள. அடியில வைக்கோலப் பரப்பி, அதுமேல அடுக்குங்க" என்றார். ஆகா, விஷயம் இதுதானா என்று எதிர்வீட்டுப் போரிலிருந்து ஒரு கை வைக்கோல் உருவி வந்தேன். சம்பா அறுவடையான புது வைக்கோல். பானையில் பரப்பி, கிழங்கை அடுக்கி, மூடினேன். ஆவி வந்ததும் வாயைப் பொத்திக்கொண்டு அவள் கொல்லைக்கு ஓடினாள். வீடு முழுக்க நெல் அவிக்கும் வாசனை.

நெல்லுக்கு நடுவிலேயே பிறந்து வளர்ந்த எனக்கு, வைக்கோலுக்கு வாசனை உண்டு என்பதே அன்றுதான் உறைத்தது. சொன்ன மாமியாருக்கும் தோன்றவில்லை. கொல்லையில் மனைவியின் தலையைப் பிடித்துக்கொண்டு நின்றபோது என்னையே நான் திட்டிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் போன். "வைக்கோல் வேணாம் அத்தை. வேற என்ன பண்ணுவீங்க? ஒண்ணு விடாம சொல்லுங்க."

"வேற என்ன? வாங்கின கிழங்க நாலு நாள் தரையில பரத்திப் போட்ருவோம். பச்சைத் தண்ணியிலேயே பானைய ஏத்தி மூடிருவேன். அடுப்பு பாட்டுக்கு மெதுவா எரியும். நான் போயி மாட்டுக்குப் புல்லறுத்துட்டு வந்து எறக்குவேன்."

"ஏன் பச்சைத் தண்ணி?"

"அதெல்லாம் யாரு கண்டா மாப்ள!"

எனக்கு அது போதவில்லை. வாங்கி நாலு நாளான கிழங்கில் ஒரே அளவாக இரண்டு எடுத்தேன். ஒன்றைக் கொதித்த பானையில் வைத்தேன். மற்றதைப் பச்சைத் தண்ணீரிலேயே ஏற்றிச் சிம்மில் விட்டேன். இரண்டையும் பிட்டு வாயில் போட்டால், நம்பவே முடியவில்லை, இரண்டாவது தேன். மெல்லச் சூடேறும் அந்த நேரத்தில்தான் மாவு இனிப்பாக மாறுகிறது போலும். இட்லிக்குச் செய்வதையே கிழங்குக்கும் செய்து, அந்த நேரத்தை நான் கொடுக்காமலே இருந்திருக்கிறேன்.

திங்கட்கிழமை பட்டறையைத் திறக்கவில்லை. கிழங்கை மண் போகக் கழுவி, முனைகளை நறுக்கி, தட்டில் இடைவெளி விட்டு வைத்தேன். அடியில் இரண்டு விரல் அளவு பச்சைத் தண்ணீர், சின்னத் தீ. முக்கால் மணி நேரம் கழித்துக் கத்தி தடையில்லாமல் இறங்கியது. அணைத்துவிட்டுப் பத்து நிமிஷம் மூடியைத் தொடவில்லை. திறந்தபோது தோல் சுருங்கி, நறுக்கிய முனையில் பாகு கசிந்திருந்தது.

அவள் தோலை உரித்து மெல்லத் தின்றாள். நான் பச்சைத் தண்ணீர் விவகாரத்தை விளக்க ஆரம்பித்தேன். "கொஞ்சம் பேசாம இருங்க" என்றாள். வாயை மூடிக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தேன். பத்து நிமிஷம். இருபது. அரை மணி. அவள் கொல்லைப் பக்கம் திரும்பவே இல்லை. இன்னொரு கிழங்கை எடுத்து உரித்தாள்.

பாதி தின்றவள் நிறுத்திவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "ஏங்க, வீட்லதான் உலையே வைக்கலியே. இத்தன நாளா நீங்க என்ன சாப்ட்டீங்க?"

ஒரு மாதமாகத் தன் வயிற்றைத் தவிர வேறெதையும் நினைக்க முடியாமல் கிடந்தவள் கேட்ட கேள்வி அது.

"நீ வேணாம்னு வச்ச கிழங்குதான்" என்றேன்.