கோட்டைக் கதவைச் சாத்திய மூன்றாம் வகுப்பு

எங்கள் பள்ளிக்கூடத்து வரலாற்று டீச்சருக்கு நாங்கள் வைத்த பெயர் சக்கரம். காலில் சக்கரம் கட்டியவள் மாதிரி சுற்றிக்கொண்டே இருப்பாள். பக்கத்து வகுப்பில் கணக்கு எடுக்கும் எனக்கு அவளைப் பார்த்தாலே தலை சுற்றும். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பஞ்ச காலத்தை விளையாட்டாகவே சொல்லித் தருகிறேன் பார் என்று கிளம்பினாள். கம்ப்யூட்டர் தெரிந்த புருஷனை நச்சரித்து, பள்ளிக்கூடத்து டேப்லெட்டில் ஆடுகிற மாதிரி அதைச் செய்தும் வாங்கிவிட்டாள்.

விளையாட்டில் பிள்ளைகள்தான் ராஜா. கோட்டைக்குள் தானியக் கிடங்கு, வாசலில் பசியோடு வெளியூர் ஜனம். மழை வரும்வரை தாக்குப்பிடிக்க வேண்டும். கிடங்கில் மிஞ்சுகிற ஒவ்வொரு மூட்டைக்கும் ஒரு நட்சத்திரம்.

தலைமை ஆசிரியை கறாராகச் சொல்லியிருந்தார்: "பசங்க ஒண்ணும் கத்துக்கலைன்னா டேப்லெட் எல்லாம் அலமாரிக்குப் போயிடும்." அந்தம்மா வகுப்பில் வந்து உட்கார்ந்த அன்று சக்கரத்துக்கு இருப்புக்கொள்ளவில்லை. துணைக்கு என்னையும் இழுத்துப்போய் நிறுத்திக்கொண்டாள்.

மணி அடிப்பதற்குள் வகுப்பு முழுக்க நட்சத்திரம். "பரவாயில்லையே! எல்லா வகுப்புக்கும் வச்சிடலாம்" என்றார் அந்தம்மா. அப்பாடா என்றிருந்தது எனக்கு. இவளோ ஒவ்வொரு திரையாகப் பார்த்துக்கொண்டே போனாள். எல்லாவற்றிலும் கிடங்கு நிறைந்திருந்தது, கோட்டைக் கதவு சாத்தியிருந்தது.

"வெளிய நின்னவங்க என்ன ஆனாங்க?"

"அவங்களுக்குப் பாயின்ட் இல்லையே டீச்சர்" என்றாள் முன்வரிசை வாயாடி.

சக்கரத்தின் முகம் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது. "மேடம், தப்பு என்னோடது. மூட்டைக்குப் பாயின்ட் வச்சேன், மனுஷங்களுக்கு வைக்கலை. மாத்துற வரைக்கும் இது வேணாம்."

கைக்கு வந்ததைத் தட்டிவிடுகிறாளே, பைத்தியக்காரி! "நல்லா விளையாடினீங்க ரெண்டு பேரும்" என்று என்னையும் சேர்த்துத் திட்டிவிட்டு, டேப்லெட்டையெல்லாம் அலமாரியில் பூட்டிச் சாவியோடு போய்விட்டார் அந்தம்மா.

மறுநாள் புத்தகத்தைத் திறக்கச் சொன்னாளாம். ஒரு பிள்ளையும் திறக்கவில்லையாம். வாயாடி எழுந்து கேட்டது இரண்டு வகுப்புக்கும் நடுவிலிருக்கும் தடுப்பைத் தாண்டி எனக்கே கேட்டது.

"டீச்சர், அவங்க இன்னும் அங்கயேதான் நிக்கிறாங்களா? டேப்லெட்டைக் குடுங்க டீச்சர், கதவைத் திறந்துவிட்டுடறோம்."

அவ்வளவுதான், வகுப்பை என் தலையில் கட்டிவிட்டு ஓடினாள். இப்போது தலைமை ஆசிரியை அறை வாசலில் நிற்கிறாள், சாவி வேண்டுமாம். அந்தம்மா இன்னும் கதவைத் திறக்கவில்லை. இவளும் போவதாயில்லை.