புது டின்னும் ஆறு குவளையும்

எங்கள் துரையின் ஈயக் கம்பெனியில் நான் பெரிய கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா. கல்லூரியில் ரசாயனம் படித்தவன் என்பதால், கோலாலம்பூரில் அவர் பங்களா நீச்சல் குளத்துக்குக் குளோரின் தூள் அளவு சொல்லும் பொறுப்பும் என்மேல் விழுந்தது. தூளைக் கரைத்து ஊற்றுபவன் மாரிமுத்து.

டின்னைத் திறந்து நாளாக நாளாகத் தூளின் வீரியம் குறையும். அதனால் இரண்டு குவளையில் தொடங்கி ஆறு வரை ஏற்றியிருந்தேன். அன்று புது டின்னைத் திறந்தபோதும் ஆறு என்றே சொன்னேன்.

"கிராணி ஐயா, இது புதுசு. நெடி மூக்கைத் துளைக்குது. ரெண்டு போதுங்க."

"காலேஜிலே படிச்சது நீயா, நானா? சொன்னதைச் செய்."

மாலையில் துரையின் சின்ன மகள் கண்கள் சிவந்து வீங்க, அழுதுகொண்டே கரையேறினாள். யார் அளந்தது என்று துரை கேட்டார். மாரிமுத்து என்னைப் பார்த்தான். இருபது வருடம் சேர்த்த பெயர் எனக்குப் பெரிதாக இருந்தது. அவன்தான் அளவு மீறிக் கொட்டிவிட்டதாகச் சொன்னேன். அங்கேயே அவன் வேலை போயிற்று.

மறுநாள் பிரிக்பீல்ட்ஸ் சாலையில் எதிரே வந்தான். ஏசப்போகிறான் என்று நின்றேன்.

"பாப்பாவுக்குக் கண்ணு தேவலையாங்க?"

எனக்குத் தெரியவில்லை. நான் விசாரிக்கவே இல்லை.

அன்று காப்பாற்றிக்கொண்ட பெயரோடுதான் ஓய்வு பெற்றேன். அதைச் சுமந்து களைத்துவிட்டேன். ஆனாலும், துரையோ மாரிமுத்துவோ படிக்க வாய்ப்பில்லாத இடத்தில்தான் இதை எழுதுகிறேன் என்பதும் எனக்குத் தெரியும்.