சொல்தா வீட்டுக்காக ஒரு பரீட்சை

வீடு வீடாப் போய், படுத்த படுக்கையா இருக்கறவங்களப் பாத்துக்கற எங்க வேலையில, ரத்தத்துக்கும் சளிக்கும் மூஞ்சி சுளிக்கறவ ஒரு வாரம் தாக்குப் பிடிக்க மாட்டா. எனக்கு அதெல்லாம் பழகிப்போச்சு. ஆனா பரீட்சைன்னு சொல்லிப் பாருங்க, எழுந்து ஓடிடுவேன். நாப்பது வயசுக்கு மேல, சோத்தையும் வடிச்சு வெச்சிட்டு, புத்தகத்தத் தொறந்து பேந்தப் பேந்த முழிச்சவங்க யாராச்சும் இதப் படிச்சா, நீங்களும் நானும் ஒரே கட்சி. நான் பட்ட பாட்டக் கேளுங்க.

மேடம் சொன்ன ஆறுதல்

எங்க ஏஜென்சி மேடம் ஒரு நாள் எல்லாரையும் கூப்பிட்டு ஒக்கார வெச்சாங்க. இனிமே ட்யூப்பு, ஊசின்னு இருக்கற வீட்டுக்கெல்லாம் சர்டிஃபிகேட் வெச்சிருக்கறவங்களத்தான் அனுப்புவாங்களாம். நர்சிங் ஹோம்ல கூடமாட நின்னே கத்துக்கிட்ட என்ன மாதிரி ஆளுங்க, வீட்டு நர்சிங் பரீட்சை எழுதி பாஸ் பண்ணணுமாம். எழுதறது ஒண்ணு, செஞ்சு காட்டறது ஒண்ணு.

எனக்கு ஒடனே, உப்பளம் ஏரியாவுல நான் தெனம் போய்ப் பாத்துக்கற ஐயா ஞாபகம்தான் வந்துச்சு. பிரெஞ்சுப் பட்டாளத்துல இருந்துட்டு அந்த ஊர் பென்ஷன் வாங்கறவங்கள நாங்க சொல்தான்னு சொல்றது. உப்பளம் ஐயா அப்படி ஒரு சொல்தா. நடமாட்டம் கிடையாது, யூரின் போக ட்யூப் போட்டிருக்கு. சம்சாரம் இல்ல, ஒரே பொண்ணு பிரான்ஸ்ல. நான் ஒரு தடவ லீவு போட்டப்ப வந்தவ, பெட்ஷீட்ட மாத்தறேன்னு ட்யூபையும் சேத்து இழுத்துட்டா. ரத்தம் கொட்டிடுச்சு. அன்னையிலேர்ந்து புதுக் கை மேல பட்டாலே அந்த மனுஷன் நடுங்கறாரு. "என்ன விட்டுட்டுப் போயிடாத அமுதா"ன்னு என் கையப் புடிச்சிக்கிட்டாரு. போக மாட்டேன்னு நானும் வாக்குக் குடுத்துட்டேன்.

இப்ப நான் ஃபெயிலானா அவர யாரு பாப்பாங்க? "மேடம், ஃபெயிலாயிட்டா என்னாவும்?"னு கேட்டேன். மேடம் என் தோள்ல தட்டிக் குடுத்தாங்க.

"பயப்படாதீங்க அமுதா, ஃபெயிலானாலும் பெருக்கித் தொடைக்கற வேலை எப்பவும் இருக்கு."

டீக்கடையில பக்கவாதம்

படிக்க ஆரம்பிச்சதும் எனக்கு வந்த மொத வியாதி, யாரப் பாத்தாலும் வியாதியாத் தெரியறது. காலு வீங்கியிருந்தா இதயம், தண்ணி நெறைய குடிச்சா சுகர், பேச்சு கொழறினா பக்கவாதம். முன்னெல்லாம் சொல்தா ஐயா தூங்கினா நானும் அப்பாடான்னு ஒக்காருவேன். இப்ப அவரு மூக்குகிட்ட கைய வெச்சு, மூச்சு வருதான்னு பாத்துக்கிட்டே இருந்தேன். கண்ண மூடிக்கிட்டே கைய தட்டி வுட்டாரு.

எங்க வீடு மூலக்குளத்துல. ஒரு சாயங்காலம் எங்க வீட்டுக்காரரோட டீக்கடைக்குப் போனேன். திரும்பிப் பாக்கறேன், மனுஷனுக்கு வாயி ஒரு பக்கமா கோணிக்கிட்டு நிக்குது! அய்யய்யோன்னு ஆயிடுச்சு. புத்தகத்துல போட்டிருந்த மாதிரியே, "ரெண்டு கையையும் தூக்குங்க, சிரிங்க, ஒங்க பேரச் சொல்லுங்க"ன்னு ஒரே அதட்டு. கையத் தூக்கினாரு. பேரக் கேட்டா ஹூஹூன்னு என்னவோ வருது. அவ்ளோதான், "ஆட்டோ! ஆட்டோ!"ன்னு ரோட்டுக்கு ஓடிட்டேன். நிக்கற ஆட்டோவே அவரோடதுதான், ஓட்டறவரும் அவருதான், அதெல்லாம் அப்ப எங்க தோணுது? கடையில இருந்தவங்க எல்லாம் எழுந்து நின்னுட்டாங்க. ஒரு வழியா அவரு மென்னு முழுங்கிட்டு வாயத் தொறந்தாரு.

"சூடா இருக்கற பஜ்ஜிய வாயில போட்டுட்டேன்டி, நீ பாஸாவறதுக்குள்ள என்ன சாவடிச்சிடுவ போலருக்கே!"

கட்டை விரல்

ஞாயித்துக்கெழமைல கருவடிக்குப்பத்துல எங்களுக்கு கோச்சிங். நாடி பாக்கும்போது கட்டை விரல வெக்கக் கூடாது, அதுல நம்ம நாடியே துடிக்கும், அதையே எண்ணிடுவோம்னு சொல்லிக் குடுத்தாங்க. எல்லாரும் அவங்கவங்க கட்டை விரலப் பாத்துக்கிட்டோம். என் பக்கத்துல செல்வி. கடலோர குப்பத்துப் பொண்ணு, எங்க ஏஜென்சிதான், எதுக்கும் அசர மாட்டா. அவளுக்கே மூஞ்சி வெளுத்துப்போச்சு. மெதுவா என் காதுல சொன்னா:

"அப்ப பேஷன்டு நல்லாருக்காருன்னு டாக்டருக்கு ஃபோன் போட்டு போட்டு சொன்னனே, அது என்னப் பத்தியாக்கா?"

வேணாம்

செஞ்சு காட்டற பரீட்சையில ஒரு சட்டம் உண்டு. நோயாளியத் தொடறதுக்கு முன்னாடி, என்ன செய்யப் போறோம்னு சொல்லி, சரியான்னு கேக்கணும். கேக்காம தொட்டா அந்த வேலைக்கு மார்க்கே கிடையாது. நாம வேலை செய்யற வீட்டுல இதெல்லாம் எங்க கேக்கறோம்? "ஐயா, ஒரு பக்கமா படுங்க"ன்னு சொல்லிக்கிட்டே கை பாட்டுக்குத் திருப்பிடும். அதான் சொல்தா ஐயாகிட்டயே பழகிக்கலாம்னு, பெட்டு பக்கத்துல வெறப்பா நின்னு, "ஐயா, முதுகுல புண்ணு வராம இருக்க ஒங்கள எடது பக்கம் திருப்பப் போறேன், சரிங்களா?"ன்னு கேட்டேன்.

"வேணாம்"னாரு.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. புத்தகத்துல கேக்கணும்னு ஒரு வரி இருக்கு, அடுத்த வரியில திருப்பணும்னு இருக்கு. வேணாம்னு சொன்னா என்ன பண்றதுன்னு எங்கயும் போடல. பரீட்சையில இப்படி ஒருத்தரு சொல்லிட்டா நான் என்ன செய்வேன்? "ஐயா, ஒங்களுக்குக் கோடி புண்ணியம், எனக்காக சரின்னு சொல்லுங்க"ன்னு கெஞ்சினேன். மறுபடி கேட்டேன், மறுபடி வேணாம். காபி குடிச்சாரு, அப்பவும் வேணாம். எனக்கு அழுகையே வந்துடுச்சு. அப்பதான் சிரிச்சாரு.

"படுத்ததுலேர்ந்து என்ன ஒருத்தரும் ஒரு வார்த்த கேட்டதில்ல அமுதா, இப்பதான் நீ கேக்கற, கொஞ்ச நேரம் வேணாம்னு சொல்லிப் பாக்கறனே."

பொம்மையோட சம்மதம்

பரீட்சை அன்னிக்கு எழுதறத எப்படியோ எழுதிட்டேன். செஞ்சு காட்டற ரூமுக்கு வெளிய நின்னுக்கிட்டு, கேக்க வேண்டியத முணுமுணுன்னு சொல்லிப் பாத்துக்கிட்டேன். உள்ள ஒரு பொம்ம படுத்திருக்கு. ட்யூப்பு, யூரின் பை எல்லாம் மாட்டி, ஆளு மாதிரியே இருக்கு. பக்கத்துல மார்க் போட பேனாவோட ஒரு அம்மா. பைய இடுப்புக்கு மேல தூக்காம, ட்யூப் இழுபடாம பொம்மையத் திருப்பணும். இதுல தப்புப் பண்ணா உப்பளம் போச்சு, அந்த நெனப்பு தவிர மண்டையில ஒண்ணும் இல்ல.

"ஒங்கள எடது பக்கம் திருப்பப் போறேன், சரிங்களா?"ன்னு கேட்டுட்டு நின்னேன். நின்னுக்கிட்டே இருந்தேன். அந்தம்மா என்னப் பாக்கறாங்க, நான் பொம்மையப் பாக்கறேன். காது கேக்கலியோன்னு இன்னும் சத்தமா ஒரு தடவ கேட்டேன். பேனாவக் கீழ வெச்சாங்க.

"அது சரின்னு சொல்லிடுச்சும்மா, எனக்குக் கேட்டுச்சு, நீங்க திருப்புங்க."

ரிசல்ட்

பாஸ்! எங்க ஏஜென்சியில நான்தான் மொத மார்க்காம். மேடம் என் வாயில லட்டத் திணிச்சாங்க. நான் அங்கயே ஓன்னு அழுதுட்டேன். பயமெல்லாம் கண்ணு வழியா எறங்கின மாதிரி இருந்துச்சு. கண்ணத் தொடச்சிக்கிட்டு, ஐயாகிட்ட சொல்லிட்டு வந்துடறேன்னு பைய எடுத்தா, மேடம் ஒக்காரச் சொல்றாங்க. மூலக்குளத்துல ஒரு வீடாம். தொண்டையில ஓட்ட போட்டு ட்யூப் வெச்சு, மெஷின்ல மூச்சு விடற ஆளாம். அந்த வீட்டுல நல்லா மார்க் எடுத்தவங்கதான் வேணும்னு கேக்கறாங்களாம். உப்பளத்துக்கு செல்வி போதுமாம், அவளும் பாஸுதானாம். வாக்குக் குடுத்திருக்கேன் மேடம்னு சொன்னேன். கெஞ்சினேன். அங்க போறதுன்னா போங்க, இல்லன்னா வேற ஏஜென்சி பாத்துக்கங்கன்னுட்டாங்க. ஆட்டோ ட்யூ இருக்கு, புள்ளைங்க படிக்குது. நான் எங்க போறது?

மறுநாள் செல்விய நானே உப்பளத்துக்குக் கூட்டிக்கிட்டுப் போனேன். விஷயத்தச் சொல்லிட்டு, "நல்ல பொண்ணு ஐயா, ட்யூப இழுக்க மாட்டா"ன்னு சொன்னேன். அவரு செல்வி மூஞ்சியப் பாக்கல, கையத்தான் பாத்தாரு. போர்வைய இழுத்து இழுத்து இடுப்பச் சுத்திச் சொருகிக்கிட்டாரு. "ஐயா, தொடட்டுமா?"ன்னு அவ மொறையாத்தான் கேட்டா. ஐயா என் பக்கம் திரும்பினாரு.

"பரீட்சைக்கு என் ஒடம்பு மேல பழகிட்டு, இன்னொருத்தனப் பாக்கப் போறியா அமுதா?"

ஃபெயிலானா அவர விட்டுடணுமேன்னு பயந்து பயந்து படிச்சேன், பாஸாயி விட்டுட்டு வந்தேன்.