தெல்ஃபினாவின் பீட்ரூட் சாறு

பொலிவியாவின் பொட்டோசி நகரப் பேருந்து நிலையத்துக்கு எதிரே தெல்ஃபினா லிமாச்சியின் வாடகை வண்டி நிற்கும். ஏறுகிற வெளியூர்க்காரருக்கு முதலில் கிடைப்பது வசவுதான்.

"வந்த அன்னைக்கே மலை ஏறாதே. இது நாலாயிரம் மீட்டர் உயரம், உங்க ஊர்க் கடற்கரை இல்ல. சாராயம் வேண்டாம், வயிறு முட்டத் தின்னாதே. தலை வலிச்சா கோக்கா இலையை மெல்லு. அப்பவும் மூச்சு வாங்குச்சுன்னா மருந்துக்கடையைத் தேடாதே, கீழே இறங்கு. மறியல்ல மாட்டினா படம் பிடிக்காதே, கல்லை நகர்த்தாதே, வாயைத் திறக்காதே. பேசறது என் வேலை."

நாற்பத்தெட்டு வயது அவளுக்கு. இந்தக் கடுகடுப்பு சும்மா வந்ததில்லை. பத்தொன்பதில் இலாரியோன் என்ற ஓட்டுநரைக் கட்டிக்கொண்டாள். குடித்தால் அவனுக்குக் கை நீளும். ஆறு வருடம் வாங்கிக்கொண்டாள். ஏழாம் வருடம் திருவிழாவன்று அவன் அவள் பல்லை உடைத்தான், அவள் ஜாக்கிக் கம்பியை எடுத்து அவன் மணிக்கட்டை உடைத்தாள். உடைந்த கையால் ஸ்டியரிங் பிடிக்க முடியாது, அதனால் அவள் பிடித்தாள். நிலையத்து ஆண்கள் இரண்டு முறை அவள் டயரைக் கிழித்தார்கள். கிழித்தவன் யாரென்று கண்டுபிடித்து, அவன் பயணிகள் பார்க்கவே காதைப் பிடித்து இழுத்து வந்தாள். மூன்றாம் முறை யாரும் கிழிக்கவில்லை. இலாரியோன் சுரங்கத்துக்குப் போனான், தூசி நுரையீரலை அடைத்துச் செத்தான். அழுதாயா என்று கேட்டால், "அழுதேன், வெங்காயம் நறுக்கிட்டிருந்தேன்" என்பாள்.

பொட்டோசியிலிருந்து, விமான நிலையம் உள்ள சுக்ரே நகருக்கு மூன்று மணி நேர இறக்கம். வருடத்தில் நாலைந்து முறை ஏதாவதொரு கிராமம் அந்தச் சாலையில் கல்லைப் போட்டு உட்கார்ந்துவிடும். வீட்டுக்கு ஓர் ஆள் வந்தாக வேண்டும், வராவிட்டால் ஊர்க்கூட்டத்தில் மானம் போகும். யார் வந்தாலும் வழி கிடையாது, உயிருக்குப் போராடும் நோயாளியைத் தவிர. அது எந்த மறியலிலும் மாறாத வழக்கம்.

அந்த வழக்கத்தில்தான் தெல்ஃபினா கை வைத்தாள். விமானத்தைத் தவறவிடப்போகும் ஒருவனைப் பின் இருக்கையில் படுக்கவைத்து, கம்பளியைப் போர்த்தி, உதட்டோரம் பீட்ரூட் சாறு தடவுவாள். "முனகு. பாட்டுப் பாடாதே, முனகு" என்று சொல்லிக்கொடுப்பாள். வழியிலுள்ள மொல்லேபாம்பா கிராமத்துப் பாலத்தை நான்கு முறை இப்படிக் கடந்தாள். நான்கு முறையும் அந்த ஜனங்கள் குனிந்து கல்லைப் புரட்டி வழிவிட்டார்கள். ஒரு கிழவர் தொப்பியைக் கழற்றி ஜெபம்கூடச் செய்தார். வண்டி வளைவு திரும்பியதும் உள்ளே இருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பாவி, அவளும் சிரித்தாள்.

நான்காம் முறை வந்தவன் சும்மா இருக்கவில்லை. சிவந்த உதட்டோடு அவள் வண்டிக்குள் பல்லைக் காட்டும் தன் படத்தை இணையத்தில் போட்டான். 'பொலிவியா போகிறவர்களுக்கு: மறியல் என்றால் தெல்ஃபினாவைக் கேளுங்கள்' என்று பீட்ரூட் விஷயத்தோடு அறிவுரையும் எழுதினான். மொல்லேபாம்பாவிலும் கைபேசி உண்டு. இது தெல்ஃபினாவுக்குத் தெரியாது.

ஆகஸ்டில் புவெனஸ் அயர்ஸிலிருந்து கிரிசெல்டா, நவுவேல் என்று ஒரு ஜோடி வந்தது. இறங்கிய மறுநாளே மலை உச்சிக்கு ஏறினார்கள். அதற்கு மறுநாள் காலை நவுவேலின் நகமெல்லாம் நீலம். மூச்சு விடும்போது நெஞ்சுக்குள் தண்ணீர் கொதிக்கிற சத்தம். உடனே கீழே கொண்டுபோனால்தான் பிழைப்பான் என்றார் பார்த்த டாக்டர். ஆம்புலன்ஸ் வேறொரு விபத்துக்குப் போயிருந்தது. விடுதிக்காரர் தெல்ஃபினாவைக் கூப்பிட்டார்.

"பாலத்துல மறியலாமே அம்மா, விடுவாங்களா?" என்று கேட்டாள் கிரிசெல்டா.

"நோயாளியை விடுவாங்க. ஏத்து."

காலை பத்து மணிக்குப் பாலம் தெரிந்தது. குடிதண்ணீர்க் குழாய் கேட்டு மொல்லேபாம்பா ஜனங்கள் எட்டாவது நாளாக உட்கார்ந்திருந்தார்கள். தெல்ஃபினா வேகத்தைக் குறைத்து, கண்ணாடியை இறக்கி, "நோயாளி, நோயாளி" என்று கத்தினாள்.

முதல் கல் முன் கண்ணாடியைப் பிளந்தது. இரண்டாவது அவள் நெற்றியைப் பிளந்தது. ரத்தம் கண்ணில் இறங்க, பிரேக்கை மிதித்தாள். அதற்குள் நாலு பக்கமும் ஆட்கள். டயர்கள் ஒவ்வொன்றாகச் சீறி அடங்கின. கதவைத் திறந்து சடையைப் பிடித்து அவளைக் கீழே இழுத்தார்கள்.

பெண்கள் சங்கத் தலைவி பசிலியா கையில் சாட்டையோடு வந்தாள். தெல்ஃபினாவைவிடப் பத்து வயது மூத்தவள். கைபேசியில் அந்தப் படத்தை அவள் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"இது யாரு வண்டிடி?"

தெல்ஃபினா கண்ணில் இறங்கிய ரத்தத்தைத் துடைத்துவிட்டுப் பார்த்தாள். "என் வண்டிதான் அக்கா. ஆனா இன்னைக்கு நிஜம். உள்ள வந்து பாருங்க."

"அன்னைக்கும் உள்ளதான் பார்த்தோம். எங்க மாமனார் உன் நாடகத்துக்கு மண்டி போட்டு ஜெபிச்சார். இன்னைக்கு எந்தக் கடையில வாங்கின பீட்ரூட்?"

கூட்டம் சிரித்தது, கெட்ட சிரிப்பு. "முனகச் சொல்லு, கேப்போம்" என்றான் ஒருவன்.

"என்னை அடிங்க, தலை முழுக்க உடைங்க, நான் கேட்டு வாங்கிக்கறேன். அவனை மட்டும் அந்தப் பக்கம் விடுங்க."

"முதல்ல அடி. மத்தது அப்புறம்."

பொய்யனுக்கு ஊர்நடுவே சாட்டை என்பது அங்கே பழைய கணக்கு. மண்டியிட வைத்தார்கள். அவள் எதிர்க்கவில்லை. வாழ்க்கையில் அடித்தவனையெல்லாம் திருப்பி அடித்தவள், அன்று கையைத் தரையில் ஊன்றி முதுகைக் கொடுத்தாள். ஓங்கி இறங்கியது. சட்டை கிழிந்தது, தோலும் கிழிந்தது. "சீக்கிரம் அக்கா, சீக்கிரம்" என்றாள். அதையும் நடிப்பென்று நினைத்து இன்னொரு பெண் சாட்டையை வாங்கி ஓங்கினாள். இடையில் ஓடிவந்த கிரிசெல்டாவின் வாயில் யாரோ முழங்கையால் இடித்தார்கள். அவள் உதடு கிழிந்து, ரத்தத்தோடு கத்தினாள்: "மூச்சு நிக்குது, வந்து பாருங்கய்யா, மூச்சு நிக்குது."

பன்னிரண்டு அடி முடிந்தது. பசிலியா மேல்மூச்சு வாங்க வண்டிக்குப் போனாள். கம்பளியை விலக்கினாள். நவுவேலின் வாயோரம் இளஞ்சிவப்பு நுரை வழிந்திருந்தது. அவள் ஒரு விரலால் அதைத் தொட்டு, கொஞ்சம் தயங்கி, நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

உப்பு.

அவள் முகம் செத்துப்போனது. சாட்டையைத் தூர எறிந்தாள். "கல்லை எடுக்க நேரமில்ல. டயரும் இல்ல. தூக்குங்கடா, கம்பளியோட தூக்குங்க."

இதுவரை கல் எறிந்த கைகளே கம்பளியைப் பிடித்தன. பாலத்தில் நானூறு அடிக்குப் பாறைகள், முள், உடைந்த பாட்டில். வழுக்கி விழுந்தவன் முழங்கால் கிழிந்தும் பிடியை விடவில்லை. ஒரு மூலையைப் பசிலியா பிடித்தாள், எதிர் மூலையைத் தெல்ஃபினா. முதுகிலிருந்து ஒழுகிய ரத்தம் அவள் பாவாடையை நனைத்தது. ஜெபம் செய்த அந்தக் கிழவர் முன்னால் ஓடி, மறுபக்கம் நின்ற லாரியின் கதவைத் திறந்துவைத்தார்.

"எத்தனை தடவைடி ஏமாத்தின?" என்றாள் பசிலியா, மூச்சிரைக்க.

"நாலு."

லாரிக்கு முப்பது அடி இருக்கையில் அந்தக் கொதிக்கும் சத்தம் நின்றது. கிரிசெல்டாதான் முதலில் கவனித்தாள். கீழே வைக்கச் சொன்னாள். அவன் நெஞ்சில் காதை வைத்தாள், நெஞ்சை அமுக்கினாள், குத்தினாள், கன்னத்தில் அறைந்தாள். நாற்பது பேர் சுற்றி நின்றார்கள். வாயில் அடைத்திருந்த கோக்கா இலையைக்கூட யாரும் மெல்லவில்லை.

அவன் மூச்சு திரும்பவில்லை. கிரிசெல்டா தலையைத் தூக்கினாள். யாரைப் பார்த்துக் கேட்கிறாள் என்றுகூடத் தெரியவில்லை.

"வந்தவுடனே விட்டிருந்தா பிழைச்சிருப்பாரா?"

பசிலியா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். சாட்டை பிடித்த கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டே இருந்தாள். தெல்ஃபினா அவளை முந்திக்கொண்டாள்.

"பிழைச்சிருப்பான். இவங்க விட்டிருப்பாங்க. நான் பொய் சொல்லாம இருந்திருந்தா, என்னைக்கும் போல கல்லைப் புரட்டி விட்டிருப்பாங்க."

கிரிசெல்டா எழுந்து வந்து அவள் முகத்தில் அறைந்தாள். பிறகு மறுபடி அறைந்தாள். தெல்ஃபினா கையைத் தூக்கவில்லை, முகத்தைத் திருப்பவுமில்லை. மூன்றாவது அறைக்குப் பசிலியா குறுக்கே வர, தெல்ஃபினா அவளைத் தள்ளிவிட்டு, "விடுங்க அக்கா, அடிக்கட்டும்" என்றாள்.